அண்ணியின் பிக்கப்புக்கு ஆன செலவு

நல்ல இரும்பைச் சுத்தியலால் தட்டினால் கணீரென்று ஒலி திரும்பி வரும். அன்று பரிசோதனை நிலையத்தின் குழிக்குள் நின்ற மலாய் இளைஞர் அண்ணியின் பிக்கப்புக்கு அடியில், சேஸி எனும் அடிச்சட்டத்தின் முன்புற இடது மூலையில் தட்டியபோது அப்படி எதுவும் வரவில்லை. நனைந்த அட்டைப்பெட்டியைத் தட்டியது போல ஒரு மந்தமான சத்தம்தான் கேட்டது. அவர் கொஞ்சம் அழுத்தி இன்னொரு முறை தட்டினார். சுத்தியலின் முனை உள்ளே போய்விட்டது. அதை வெளியே இழுத்ததும் காப்பித்தூள் நிறத்தில் துரு கொட்டி அவருடைய முகக்கவசத்தின் மேல் விழுந்தது. நானும் அண்ணியும் மஞ்சள் கோட்டுக்கு வெளியே, பொதுமக்கள் நிற்கவேண்டிய இடத்தில் நின்றுகொண்டிருந்தோம். அந்தக் கோட்டுக்கு உட்புறம் நின்று பிறருடைய வண்டிகளைத் தட்டிப் பார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான். வெளியே நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டது அதுவே முதல் தடவை.

"காகால், அங்கிள்," என்றார் இளைஞர். மலாயில் தோற்றுவிட்டது என்று பொருள். குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. வருத்தப்பட வேண்டும் என்று விதிகளில் எங்கும் இல்லை, கூடாது என்றும் இல்லை.

அண்ணி தரையில் கிடந்த துருவையே பார்த்துக்கொண்டிருந்தார். "சேஸியா தம்பி?"

"ஆமா அண்ணி."

"லைட்டு, பிரேக்குன்னா மாத்திரலாம். இது மாத்துற சாமானா?"

"லேசுல மாத்துற சாமான் இல்ல."

"அப்ப சுங்கை ஊடாங்தான்," என்று சொல்லிவிட்டுச் சாவியைப் பெற்றுக்கொள்ளக் கவுண்டரை நோக்கி நடந்தார்.

சுங்கை ஊடாங்கில் இருந்தது அவருடைய மகன் வீடு. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் நல்ல வேலை, மாடி வீடு, கீழ்த்தளத்தில் அம்மாவுக்கென்று வண்ணம் பூசி மின்விசிறி மாட்டிய அறை. அம்மா வரவில்லை என்பதைத் தவிர அந்த வீட்டில் குறை எதுவும் இல்லை. அம்மா ஜாசினில், தாமான் எனப்படும் குடியிருப்பு வரிசையில் ஒரு வீட்டில் தனியாக இருந்துகொண்டு, விடிவதற்கு முன்பே பாசார் என்கிற சந்தையில் மீனும் காய்கறியும் ஏற்றி, சுற்றுவட்டாரத் தோட்டங்களில் விற்றுவிட்டு மதியம் திரும்புகிறவர். வயது அறுபத்தைந்தைத் தாண்டியிருந்தது. பிக்கப்புக்கும் இருபதுக்கு மேல். மகனுக்கு இரண்டைப் பற்றியும் கவலை.

இந்த வியாபாரத்தைத் தொடங்கியவர் என் அண்ணன். ஒருநாள் காலை பாசாரில் மீன் கூடையைத் தூக்கியவர் அப்படியே உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. காரியங்கள் முடிந்த அடுத்த வாரமே அண்ணி பிக்கப்பை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். சொந்தக்காரர்கள் ஏதேதோ பேசினார்கள். ஓட்டத் தெரியுமா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அண்ணனுக்கு வண்டியைப் பின்னால் எடுக்க வராது என்பது எங்கள் குடும்பம் முழுவதும் அறிந்த விஷயம். தோட்டத்துச் சந்துகளில் அவர் வண்டியை விட்டு இறங்கிக்கொள்வார், அண்ணி பின்னால் எடுத்துத் திருப்பிக் கொடுப்பார், பிறகு இருவரும் இடம் மாறி உட்காருவார்கள். பின்னால் ஓட்டத் தெரிந்தவருக்கு முன்னால் ஓட்டுவது பெரிய காரியமில்லை.

அந்த நேரத்தில் குடும்பத்துக்கு என்னால் ஆன உதவி பெயர் மாற்றம். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்காரர் இறந்து பல வருடம் ஆனாலும் வண்டி அவர் பெயரிலேயே ஓடும், ரோட் டெக்ஸ் என்கிற சாலை வரியும் இன்சூரன்ஸும் அவர் பெயரிலேயே கட்டப்படும். விபத்து நடக்கும் நாளில்தான் இறந்தவருக்கு யாரும் இழப்பீடு தரமாட்டார்கள் என்பது தெரியவரும். நான் போக்குவரத்து இலாகாவில் இருந்தவன், விடுவேனா. நில அலுவலகத்தில் சொத்துப் பங்கீடு, வாரிசுகளின் சம்மதம், வண்டிப் பரிசோதனை, சரக்கு ஏற்றும் உரிமம் என்று ஒவ்வொன்றாக முடித்து வண்டியை அண்ணியின் பெயருக்குக் கொண்டுவந்தேன். "இவ்வளவு கையெழுத்து நான் கல்யாணத்துக்குக்கூடப் போடல தம்பி," என்றார் அண்ணி.

சரக்கு உரிமம் உள்ள வண்டி ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்குப் போகவேண்டும். புதிய வண்டிக்கு அது ஒரு சடங்கு. பழைய பிக்கப்புக்கு அப்படியல்ல. பழைய டீசல் பிக்கப் மலிவு என்று நினைத்து வாங்கப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். முதலில் காலையில் வண்டி கிளம்பாது. இன்ஜினைச் சூடாக்கும் பிளக்குகள் ஒவ்வொன்றாகச் செத்திருக்கும். நான்கில் ஒன்றை மட்டும் மாற்றினால் போதும் என்று கஞ்சத்தனம் பார்த்தால் அடுத்த மாதம் அடுத்தது சாகும். பிறகு ரேடியேட்டர். அதன் மேல்தொட்டி பிளாஸ்டிக், வெயிலில் வெந்து ஒருநாள் விரிசல் விடும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் முந்நூறு நானூறு மலேசிய வெள்ளியில் முடியவேண்டியது இன்ஜின் மூடியைத் திறக்கும் வேலையாகி ஆயிரத்தைத் தாண்டும். வண்டிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்நேட்டர் மழை நாளில்தான் போகும், துடைப்பானும் விளக்கும் ஒன்றாக வேண்டிய நேரத்தில். செம்மண் பாதையில் ஓடுகிற வண்டிக்கு ஸ்டீயரிங் முட்டுகளும் வில்பட்டையின் ரப்பர்களும் வருடத்துக்கு ஒரு முறை தேயும். பின் பிரேக்கில் எண்ணெய் கசியும். அந்தச் சாமான் விலை சொற்பம், கழற்றி மாட்டுகிற கூலிதான் அதிகம். கிளட்ச், ஓட்டுகிறவரின் இடது காலைப் பொறுத்தது. அண்ணியின் இடது கால் கிளட்சின் மேலேயே குடியிருந்தது. மேட்டில் நிறுத்தி வியாபாரம் செய்யும்போது கைப்பிரேக் போடாமல் கிளட்சிலேயே வண்டியைப் பிடித்துக்கொண்டு வெண்டைக்காய் நிறுப்பார். எழுநூறு வெள்ளிக்குக் குறையாத அந்தக் கிளட்சை எத்தனை முறை மாற்றினோம் என்று எண்ணிச் சொன்னால் எனக்கே கோபம் வரும்.

வயதான வண்டியை வயதான உடம்போடு ஒப்பிட்டுப் பேசுவது எளிது. பட்டறையில் காத்திருக்கும் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உடம்புக்கு அசல் சாமான், தைவான் சாமான், பழைய இரும்புக்கடைச் சாமான் என்று மூன்று விலையில் கிடைப்பதில்லை.

மூன்று விலையையும் ஒரே மூச்சில் சொல்லக்கூடியவர் ஜாசின் பட்டறையில் இருந்த போர்மேன். எங்கள் ஊரில் மெக்கானிக்கைப் போர்மேன் என்றுதான் சொல்வோம். சீனர். தோட்டத்து ஓரத்தில் வளர்ந்தவர், எங்களைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். என்னைக் கண்டால் அவருக்குப் பழைய கணக்கு ஒன்று ஞாபகம் வரும்.

"வாங்கண்ணே. வேலையில இருந்தப்ப என் கஸ்டமர் வண்டியெல்லாம் பெயில் போட்டீங்க. இப்ப உங்க அண்ணி வண்டிய நான் பாக்கணும். சாமி இருக்கு லா."

"பெயில் போட்டதாலதான் உனக்கு வேலை வந்துச்சு. கமிஷன் கேட்டேனா நான்?"

"அதான் பயம். கேக்கிறவன்கிட்ட ஒரு ரேட்டு இருக்கும். கேக்காதவன்கிட்ட என்ன பண்றது?"

அண்ணி பேரம் பேசுவதை அவர் ரசித்தார் என்று நினைக்கிறேன். அவரை முதலாளி என்ற பொருளில் தவுக்கே என்று அழைத்து, அண்ணி எப்போதும் பாதி விலையிலிருந்து தொடங்குவார். "ஏன் தவுக்கே, அந்தச் சாமானத் தங்கத்துலயா செஞ்சிருக்கான்?" "அக்கா, நீங்க கெண்டை மீனத் தங்க வெலைக்கு விக்கலயா?" இப்படி ஒரு கால் மணி நேரம் போகும். கடைசியில் இருவரும் முதலிலேயே மனதில் வைத்திருந்த தொகையில் வந்து நிற்பார்கள்.

அந்தப் பரிசோதனைக்குச் சில மாதம் முன்பு, மகன் இந்தச் செலவுகளையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான். படித்தவன், பொறுமையாகப் பேசுவான். "சித்தப்பா, இந்தப் பணத்துக்குப் புது வண்டிக்குத் தவணை கட்டலாம். ஆனா புது வண்டி வாங்கிக் குடுத்தா அம்மா இன்னும் பத்து வருசம் ஓட்டுவாங்க. அது வேணாம். நீங்க சொன்னாக் கேப்பாங்க." என்னுடைய கருத்தும் அதுதான், மறைக்கவில்லை. வண்டியைப் பழைய இரும்புக்குப் போடுவது புத்திசாலித்தனம் என்று அண்ணியிடம் நேராகவே சொன்னேன்.

அண்ணி என்னையும் மகனையும் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். பிறகு சொன்னார். "ஆறு மாசத்துக்கு ஒருக்க கவர்மெண்டு சட்டப்படி பாக்குதுல்ல? அது சொல்லட்டும். அடுத்த தடவ பாஸானா நான் ஓட்டுறேன், நீ வாயத் தொறக்கக் கூடாது. பெயிலானா வித்துட்டு நான் வந்துர்றேன். நீயும் கேக்காத, நானும் பேசல."

மகன் என்னைப் பார்த்தான். ஒப்பந்தம் நியாயமாகத்தான் இருந்தது. "சரிம்மா," என்றான்.

இதில் என்ன பெரிய இழப்பு என்று கேட்கலாம். மகன் பணம் கொடுக்கிறான், அறை காத்திருக்கிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன், ஒருநாள் அண்ணியோடு தோட்டத்துக்குப் போகும்வரை. அன்று ஆல்டர்நேட்டர் மாற்றிய மறுநாள். வழியில் நின்றுவிட்டால் துணைக்கு ஆள் வேண்டும் என்று பக்கத்தில் ஏறிக்கொண்டேன். செம்பனை மரங்களுக்கு நடுவே தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் பழைய லயன் வீடுகள். தமிழ்க் குடும்பங்கள் சில, இந்தோனேசியர் பல. பஸ் உள்ளே வராது. அண்ணி ஹாரன் அடித்ததும் பெண்கள் பாத்திரங்களோடு வந்தார்கள். ஒருத்தி கெண்டையைப் புரட்டிப் பார்த்து, "என்னக்கா, மீனு என்னய மொறைக்குது?" என்றாள்.

"நீ கேட்ட வெலைக்கு அது மொறைக்காம சிரிக்குமா?"

"நேத்து உங்க பின்னால ஒருத்தன் வேன்ல வந்தான். வெல கம்மி."

"அப்ப அவன்கிட்டயே மாமியாரு சண்டையையும் சொல்லியிருக்கலாம்ல. என் காத ஏன் தேய்க்கிற?"

எல்லோரும் சிரித்தார்கள். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற இந்தோனேசியப் பெண் ஒருத்திக்கு அண்ணி மலாயில் பேசிக்கொண்டே கீரைக்கட்டு இரண்டைத் தனியாக எடுத்து வைத்தார். கடைசி வீட்டில் படுத்திருந்த முதியவர் ஒருவருக்கு முள் இல்லாத மீனை அரிந்தே கொண்டுவந்திருந்தார். வண்டியில் ஏறியதும் அடுத்த தோட்டத்தில் யார் யாருக்கு என்னென்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஓட்டினார். சுங்கை ஊடாங் அறையில் இதையெல்லாம் எங்கே வைப்பது என்று அன்று எனக்குப் புரியவில்லை. ஆனாலும் வண்டியைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. கருத்து என்பது தனி.

பரிசோதனைக்கு வண்டியைத் தயார்செய்யும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். இந்த வேலையில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. டயர் பள்ளங்களை அளந்தேன். பின்விளக்குகள், எண் பலகை விளக்கு, கண்ணாடிகள், ஹாரன், கதவில் எழுதியிருக்கவேண்டிய வெறும் எடை, சுமையோடு எடை என எல்லாவற்றையும் பார்த்தேன். எழுத்து மங்கியிருந்ததால் புதிதாக எழுதவைத்தேன். ஒன்றை மட்டும் செய்யவிடவில்லை. பரிசோதனைக்கு முந்தின நாள் வண்டியைக் கழுவி அடிப்பாகம் முழுவதும் கறுப்புச் சாயம் அடித்துவிடுவது பட்டறைகளின் வழக்கம். பார்க்கப் புதிது போல இருக்கும், துரு தெரியாது. போன முறைகளிலெல்லாம் அண்ணி அதைச் செய்திருக்கிறார், எனக்குச் சொல்லவில்லை. இந்த முறை போர்மேன் சாய டப்பாவோடு வந்தபோது நான் குறுக்கே நின்றேன்.

"வேணாம். பாக்க வர்றவன் பாக்கட்டும்."

"அண்ணே, எல்லாரும் அடிக்கிறாங்க லா."

"எல்லாரும் அடிச்சதத்தான் நான் சுரண்டிப் பாத்தேன், இத்தன வருசம்."

அப்படியாகத்தான் அந்தச் சுத்தியல் உள்ளே போனது.

வீட்டுக்கு வரும் வழியில் பாலத்தைத் தாண்டியதும் அண்ணி, "கறுப்பு அடிச்சிருந்தா தெரிஞ்சிருக்காதுல்ல?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"தெரிஞ்சிருக்காது. ஒருநாள் பாரத்தோட எறக்கத்துல போறப்ப முன்பக்கம் மடிஞ்சிருக்கும்."

"சரிதான்," என்றார்.

அன்று மாலையே அவர் மகனுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். என்னிடம் சொன்னதைவிடக் குறைவான சொற்களில் சொன்னார். தராசை யாருக்குக் கொடுக்கலாம், ஐஸ் பெட்டிகளைப் பாசாரில் யார் வாங்குவார்கள் என்று யோசிக்கத் தொடங்கினார். அந்த நிதானம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. சண்டை போட்டிருந்தால் நான் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

தூங்கவில்லை, தோல்விச் சான்றை எடுத்து மறுபடி படித்தேன். அதில் ரகசியம் ஒன்றும் இல்லை, எல்லாத் தோல்விச் சான்றுகளிலும் இருக்கும் வாசகம்தான். குறையைச் சரிசெய்து குறித்த காலத்துக்குள் மறுபரிசோதனைக்குக் கொண்டுவர வேண்டும். வருடக்கணக்கில் நானே அந்த வரியின் கீழ் கையெழுத்திட்டிருக்கிறேன். காலையில் மகனை அழைத்தேன்.

"மறுபரிசோதனை முடியற வரைக்கும் பரிசோதனை முடியல. ஒப்பந்தம் பரிசோதனையப் பத்தினது."

"சித்தப்பா, இரும்புக்குப் போடச் சொன்னதே நீங்கதானே?"

"ஆமா. அது என் அபிப்பிராயம். இது விதி."

"நீங்க யார் பக்கம்?"

"விதி பக்கம்."

அவன் சிரித்துவிட்டான். அவனிடம் எனக்குப் பிடித்தது அது. "சரி. ஆனா ஒழுங்காச் செய்யணும். வண்டி மடங்கி அம்மாவுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் விதிய வந்து கேக்க முடியாது." அவனுடைய பயம் அதுதான். அறை, தவணை எல்லாம் அந்தப் பயத்தின் மேல் போட்ட விரிப்பு.

பட்டறையில் போர்மேன் முன் பம்பரைக் கழற்றினார். எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. மீன் வண்டியில் துருப் பிடிப்பது பின்பக்கம். உப்பும் ஐஸும் கலந்த தண்ணீர் பெட்டியிலிருந்து ஒழுகிச் சேஸியில் இறங்கும். அதற்காகவே பல வருடம் முன்பு பின்னால் வடிகுழாய் வைக்கச் சொல்லியிருந்தேன். அண்ணியும் வைத்திருந்தார். போர்மேன் பின்பக்கம் தட்டிக் காட்டினார், கணீரென்றது. முன்புற வலது பக்கமும் கணீர். இடது முனை மட்டும் அப்பளம். சேஸி என்பது இரண்டு நீளமான சதுரக் குழாய்கள்தான், வண்டியின் முழுப் பாரமும் அதன்மேல். அந்தக் குழாயின் இடது முனையில், பழுதானால் கட்டி இழுப்பதற்கான கொக்கி திருகப்பட்டிருக்கும். அந்தக் கொக்கியைச் சுற்றித்தான் இரும்பு அரித்திருந்தது, அதுவும் உள்ளிருந்து வெளியே.

போர்மேன் நீளமான கம்பி ஒன்றை உள்ளே விட்டுக் கிளறினார். கறுப்பாகப் பிசின் போல ஏதோ வந்தது. எறும்புகள் வந்தன. அடுத்து நார். அதற்கும் அடுத்து, விரல் நகம் அளவில் ஓட்டுத் துண்டுகள். ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு என் உள்ளங்கையில் வைத்தார்.

"அண்ணே, தேங்கா."

நான் அண்ணியைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே புரிந்துகொண்டிருந்தார். கொக்கியைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

எல்லா வெள்ளிக்கிழமையும் காலையில் அண்ணனும், அவருக்குப் பிறகு அண்ணியும், ஜாசின் கோயிலுக்கு எதிரே வண்டியை நிறுத்திக் கற்பூரம் காட்டித் தேங்காய் உடைப்பது வழக்கம். எங்களில் லோரி, வேன், பிக்கப் வைத்துப் பிழைக்கிற யாரும் செய்வதுதான், ஆனால் மற்றவர்கள் தரையில் உடைப்பார்கள். இந்த வண்டிக்கு மட்டும் இடது கொக்கியில் உடைத்தார்கள். உடைந்த தேங்காயின் தண்ணீர் கொக்கியின் திருகு ஓட்டை வழியாகக் குழாய்க்குள் போய்த் தங்கியது. இனிப்பும் புளிப்புமாக உள்ளேயே ஊறியது. வாரம் தவறாமல். ஆயுத பூஜைக்கு மஞ்சள் தண்ணீரும் சேர்த்து.

"கொக்கியில ஏன் அண்ணி உடைச்சீங்க?" என்று கேட்டேன்.

"உங்க அண்ணன்தான் சொன்னாரு," என்றார். "ஒருதடவ ரோட்டுல உடைச்சோம். சில்லு செதறிப் போச்சு. பள்ளிக்கூடத்துக்குப் புள்ளையக் கொண்டுபோன ஒருத்தன் மோட்டர் சைக்கிள்ல வந்தான், டயரு வெடிச்சி விழுந்துட்டான். புள்ளைக்குக் கை ஒடிஞ்சி போச்சு. அதுலேர்ந்து, நம்ம வண்டியிலயே உடைப்போம், சில்லு கூடைக்குள்ளயே விழும், யாருக்கும் தொந்தரவு இல்லேன்னாரு. கீழ கூடைய வெச்சிப் பிடிச்சிக்குவேன்." கொக்கியை விரலால் தொட்டார். "அவரு போனப்பறமும் அங்கயே ஒடைச்சேன். நானே ஊத்தி ஊத்தி அரிச்சிருக்கேன்."

போர்மேனுக்கு அமைதி ஒத்துவராது. "உங்க சாமி ஸ்ட்ராங் லா அக்கா. சேஸியவே தின்னுருச்சி," என்றார்.

அண்ணி முதலில் முறைத்தார், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அதில் சிரிப்பு எவ்வளவு, வேறு எது எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை.

மீதியெல்லாம் வேலை. ரெம்பியா பக்கம் ஒரு பழைய இரும்புக்கடையில், பின்னால் இடிபட்டு வந்த அதே வகை பிக்கப் ஒன்று கிடந்தது. அதன் முன்பகுதி பழுதில்லாமல் இருந்தது. சேஸி எண் பொறித்த இடத்தைத் தொடாமல் முனையை மட்டும் வெட்டி எடுத்து, அனுமதி பெற்ற பட்டறையில் பற்றவைத்து, அதற்கான சான்றோடு கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு படியிலும் நான் கூடவே நின்றேன். வெல்டிங் செய்தவருக்கு என்னால் நிம்மதி இல்லை. மொத்தச் செலவு, வண்டியை அப்படியே இரும்புக்கு விற்றால் கிடைத்திருக்கும் தொகையைவிடச் சற்று அதிகம். பொருளாதாரப்படி பார்த்தால் முட்டாள்தனம். அண்ணி மகனிடம் காசு வாங்கவில்லை. போர்மேனிடம் பேரமும் பேசவில்லை. அதுதான் போர்மேனைக் கலங்கடித்தது. "அக்கா, ஒரு அம்பதாவது கொறைக்கச் சொல்லுங்க லா. எனக்கே ஒரு மாதிரியா இருக்கு," என்று அவரே குறைத்துக்கொண்டார்.

மறுபரிசோதனைக்கு மகனும் விடுப்பு எடுத்து வந்திருந்தான். மூன்று பேரும் மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்றோம். அதே இளைஞர். சான்றைப் படித்தார், பற்றவைத்த இடத்தை விளக்கடித்துப் பார்த்தார், தட்டினார். கணீரென்றது. நம்பாமல் வரிசையாகப் பின்பக்கம்வரை தட்டிக்கொண்டே போனார். அவருடைய இடத்தில் நின்றிருந்தால் நானும் அப்படித்தான் செய்திருப்பேன். வெளியே வந்து, "லுலுஸ்," என்றார். தேறிவிட்டது. கறுப்புச் சாயம் அடிக்காமல் வந்த வண்டிகளைப் பார்ப்பது அரிது என்றும் சொன்னார். அதை நான் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன், காது சரியாகக் கேட்கவில்லை என்று.

மகன் அம்மாவின் கையில் சாவியைக் கொடுத்தான். "மழை நாள்ல போகாதீங்கம்மா."

"போகல," என்றார் அண்ணி. அந்த வாரமே மழையில் போனார்.

முதல் வெள்ளிக்கிழமை நான் ஜாசின் கோயிலுக்குப் போயிருந்தேன். சாமி கும்பிட அல்ல, அந்த வழக்கம் எனக்கு இல்லை. அண்ணி என்ன செய்யப்போகிறார் என்று பார்க்க. கற்பூரம் காட்டியாயிற்று. தேங்காயைக் கையில் எடுத்தவர், பழக்கத்தில் இடது கொக்கியை நோக்கிக் கையை ஓங்கினார். பாதியில் நின்றார். கொக்கியைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார். காலை நேரம், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய மோட்டார் சைக்கிள்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. கையை இறக்கி என் பக்கம் திரும்பினார்.

"எங்க உடைக்கலாம், ஆபீசரே? சட்டம் என்ன சொல்லுது?"

"இதுக்கு விதி எதுவும் இல்ல அண்ணி."

"நீங்க இவ்வளவு வருசம் அங்க என்னதான் பண்ணீங்க?"

கோயில் ஓரத்தில் கிடந்த கூட்டுமாறை எடுத்துக்கொண்டு, "நீங்க ரோட்டுலயே உடைங்க," என்றேன்.

இது நடந்து சில வருடங்கள் ஆகின்றன. கிளட்ச் மறுபடி போயிற்று, இன்ஜெக்டர் பம்புக்கு ஒரு பெரிய தொகை போயிற்று, அண்ணி இன்னும் ஓட்டுகிறார். வெள்ளிக்கிழமைகளில் நான் முன்னதாகவே போய்ச் சாலையின் நடுவில் நிற்கிறேன். அவர் தேங்காயை உயர்த்தியதும் கையை நீட்டி வண்டிகளை நிறுத்துகிறேன். ஓய்வுபெற்றவனுக்கு அந்த அதிகாரம் கிடையாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் நிற்கிறார்கள். குனிந்து சில்லுகளைப் பொறுக்குகிறேன், சிறியவற்றைக் கூட்டுமாறால் ஓரத்துக்குத் தள்ளுகிறேன். முழங்கால் ஒத்துழைக்காததால் கொஞ்சம் நேரம் ஆகிறது. பின்னால் யாராவது ஹாரன் அடித்தால் அண்ணி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இருங்கய்யா, செக்கிங் நடக்குது," என்கிறார். கடைசிச் சில்லையும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கையை அசைத்ததும், முதலில் மோட்டார் சைக்கிள்கள் போகின்றன, பிறகு பிக்கப்.